டியூபைத் துறந்தவர்

மலைச் சைக்கிள் ஓட்டுவோருள் தனித்துக் குறிப்பிடத்தக்க ஒரு வகையினர், டியூப் இல்லாமல் ஓடும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட சக்கரத்தை விலை கொடுத்து வாங்க மறுத்து, வீட்டில் கிடக்கும் சாதாரணச் சக்கரத்தையே அந்நிலைக்கு உயர்த்திவிட முடியும் என்று நம்புவோர் ஆவர். இவ்வகையினர் பல நாடுகளில் காணப்படினும், அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில், குறிப்பாக ஐடஹோ மாநிலத் தலைநகரான பாய்சியில், இவர்கள் செழித்து வளர்வதற்குத் தாவரவியல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுத் தரிசு நிலங்களில் வெறுங்காலோடு நடப்பவரைக் கதறவைக்கும் அதே நெருஞ்சி, கடல் கடந்து சென்று அங்கே தெருவோரங்களிலும் குன்றடிவாரத்துப் பாதைகளின் தொடக்கத்திலும் குடியேறியிருக்கிறது. அதை அடக்குவதற்கென 1961இல் கூன்வண்டு இனங்கள் இரண்டை அந்நாட்டு அரசு இறக்குமதி செய்து பரப்பியும், நெருஞ்சி அவற்றுக்கு உணவளித்துக்கொண்டே பரவியது. பாய்சி மக்கள் 2018 முதல் அம்முள்ளின் பெயரால் சைக்கிள் விழா ஒன்றையே எடுக்கத் தொடங்கிவிட்டனர் என்றால், பகையின் ஆழத்தை உணர்ந்துகொள்ளலாம். இங்கே விவரிக்கப்படுபவர் அந்த விழாவுக்குப் போவார். ஆனால் முள்ளைப் பிடுங்க மாட்டார். முள் ஒழிந்துவிட்டால் அவருக்கு வேலை இல்லை.

இவருடைய பெருமுயற்சி விளங்க வேண்டுமாயின் சைக்கிள் சக்கரத்தின் அமைப்பைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டும். கார் டயர்கள் 1950களிலேயே டியூபைக் கைவிடத் தொடங்கிவிட்ட போதிலும், சைக்கிள் மட்டும் அதன்பின் அரை நூற்றாண்டளவு டியூபை விடாமல் பற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம், அதன் ரிம் ஆரக்கம்பிகளைப் பொருத்துவதற்காகச் சுற்றிலும் துளையிடப்பட்ட மெல்லிய அலுமினிய வளையமாக இருந்ததேயாகும். பிரான்சின் மாவிக் நிறுவனம் 1999இல், மிஷலின், ஹட்சின்சன் ஆகிய டயர் நிறுவனங்களோடு சேர்ந்து, உட்பரப்பில் ஆரத்துளை இல்லாத ரிம்மையும் அதில் இறுகப் பொருந்தும் டயரையும் அறிமுகப்படுத்தியது. அது நன்றாகவே உழைத்தது எனினும், ரிம், டயர் இரண்டையும் புதிதாக வாங்கவேண்டியிருந்ததோடு டயரும் கனமாக இருந்தது. பின்னர் 2001இல் ஸ்டான் கோசியாடெக் என்னும் அமெரிக்கர் தொடங்கிய நிறுவனம், சாதாரண ரிம்மின் துளைகளை மூடும் நாடா, அதன்மேல் பதியும் ரப்பர்ப் பட்டை, உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவமாகிய சீலன்ட் ஆகியவற்றைத் தனித்தனியே விற்று, பழைய சக்கரங்களுக்கும் மோட்சம் உண்டு என்று காட்டியது. நம் நாயகர் அந்தப் பட்டையின் விலையைக் கேட்டறிந்து, அதையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவு கட்டியவர்.

டியூபை ஒழிப்பதற்கு முதலில் வாங்கவேண்டிய பொருள் ஒரு டியூப் என்பதே இவர் கையாளும் முறையின் சிறப்பு. சிறுவர் சைக்கிளுக்குரிய 20 அங்குல டியூபை 26 அங்குல ரிம்மின்மேல் இழுத்து மாட்டி, வெளிப்புறத்தில் சுற்றிலும் கத்தரியால் பிளந்து, இருபக்கமும் விரித்துப் பரப்பினால், அது ஆரத்துளைகளை மூடுவதோடு ரிம்முக்கும் டயருக்கும் இடையே காற்றுப் புகாத மெத்தையாகவும் அமைகிறது. டயரை அதன்மேல் ஏற்றிக் காற்றடித்தபின், வெளியே துருத்தும் ரப்பரைப் பிளேடால் அறுத்தெடுத்துவிடுவார்கள். சிறுவர் டியூபில் பெரும்பாலும் கார்ச் சக்கரத்தில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வு இருக்க, மலைச் சைக்கிளின் ரிம்மிலோ பல வேளைகளில் மெல்லிய பிரெஞ்சு வால்வுக்குரிய துளையே இருப்பதால், நல்ல நிலையில் உள்ள ரிம்மை டிரில் எந்திரத்தால் துளைத்துப் பெரிதாக்கவும் இவர் அஞ்சுவதில்லை. கடைக்காரர் இந்த இனத்தை ஒரு பார்வையிலேயே இனங்கண்டுகொள்வார். சிறுவர் டியூப் இரண்டை எடுத்துக்கொண்டு வரும் நடுவயதினரிடம் அவர் மரியாதைக்காக, "உங்கள் பிள்ளைக்கு எத்தனை வயது?" என்று கேட்பதும், ரிம்மைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லாத இவர், "இருபத்தாறு அங்குலம்" என்று பதிலளிப்பதும் இயல்பு.

மாற்றுப் பணியின் உச்சகட்டம் காற்றடிப்பதாகும். டயரின் இரு ஓரங்களிலும் உறுதியான கம்பியாலோ இழையாலோ ஆன விளிம்பு ஒன்று உண்டு. பீடு எனப்படும் இவ்விளிம்பு ரிம்மின் சுவரோரம் ஏறி இறுக அமர்ந்தால்தான் காற்று உள்ளே நிற்கும். காற்று உள்ளே நின்றால்தான் விளிம்பு ஏறி அமரும். இச்சிக்கலுக்கு விடை, கசியும் வேகத்தை மிஞ்சும் வேகத்தில் ஏராளமான காற்றை ஒரே மூச்சில் உட்செலுத்துவது. சாதாரணக் கைப்பம்பினால் அது எளிதில் ஆவதில்லை. ஆகவே இவர் விளிம்பைச் சுற்றிச் சோப்பு நீரைத் தடவி, வால்வின் உள்ளீட்டைக் கழற்றி, வியர்வையும் நுரையும் ஒன்றாகும்வரை கைப்பம்பை அடித்துப் பார்த்துவிட்டு, பெட்ரோல் பங்க்கில் கார்களுக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை நாடுகிறார். அங்கே வரிசையில் நிற்கும் கார்களுக்கு நடுவில், சைக்கிள் இல்லாத ஒற்றைச் சக்கரத்தைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு, நுரை வழிய இயந்திரத்தில் நாணயங்களைப் போட்டுக்கொண்டிருக்கும் இவரைப் பின்னால் நிற்பவர்கள் எதுவும் கேட்பதில்லை. இவ்வினத்தில் சற்றுத் துணிந்தவர்கள் இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் மூடியில் குழாய்களைப் பொருத்தி, அதில் அழுத்தத்தை ஏற்றி ஒரேயடியாகத் திறந்துவிடுவார்கள். அந்த பாட்டில் வெடித்தால் விளையக்கூடிய காயத்தைக் கருதும்போது, இதனைச் சிக்கனம் என்று வகைப்படுத்துவது கடினம்.

எவ்வாறாயினும், விளிம்பு ரிம்மில் ஏறி அமரும்போது "டப்" என்று ஓர் ஓசையும், மறுபக்கம் அமரும்போது இன்னொன்றும் கேட்கும். முதல் ஓசையில் நாய் கட்டிலுக்கடியில் ஓடும்; இரண்டாவது ஓசையில் மனைவி கராஜ் கதவைத் திறந்து, ஆள் முழுதாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத் திரும்புவார். அவ்வோசையைக் கேட்ட முகத்தில் தோன்றும் களிப்பைக் கண்டவர்கள், பஞ்சரைத் தவிர்ப்பது, எடையைக் குறைப்பது என இவர் கூறும் காரணங்களெல்லாம் பின்னர் சேர்க்கப்பட்டவை என்ற முடிவுக்கே வருவார்கள்.

சீலன்ட் என்பது ரப்பர்ப்பாலை அடிப்படையாகக் கொண்ட வெண்ணிறத் திரவமாகும். முள் குத்திய துளை வழியே காற்று வெளியேறும்போது இதையும் தள்ளிக்கொண்டு வர, துளையின் வாயில் ரப்பர் உறைந்தும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சிக்கியும் அடைப்பை உண்டாக்குகின்றன. சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 120 மில்லிலிட்டர் வரை ஊற்றுவது வழக்கம். கடையில் விற்கும் சீலன்ட்டின் விலையையும் ஏற்காத இவர், அச்சு வார்க்கப் பயன்படும் திரவ ரப்பர், குளிரில் உறையாமல் காக்கும் கிளைகால், தண்ணீர் ஆகியவற்றைக் கலந்து, நுண்துகள்களுக்காக மகளின் கைவேலைப் பெட்டியிலிருந்து ஜிகினாத் தூளையும் எடுத்துச் சேர்க்கிறார். ரப்பர்ப்பாலோடு வரும் அமோனியா நெடி வீடெங்கும் பரவுகிறது. ஊற்றியபின் சக்கரத்தைக் கிடைமட்டமாகப் பிடித்து, இடமும் வலமும் சாய்த்து, சுழற்றி, உலுக்கி, டயரின் பக்கச்சுவரில் எழும் குமிழிகளை ஒவ்வொன்றாக அடைக்கும் சடங்கு ஒன்று உண்டு. இச்சமயத்தில் அவரோடு பேசக்கூடாது. ஆடையிலும் காரின் இருக்கையிலும் எப்படியோ கூரையிலும் தெறித்த சீலன்ட் உலர்ந்தபின் எளிதில் போவதில்லை. ஆனால் அது இருக்க வேண்டிய இடமாகிய டயருக்குள் சில மாதங்களிலேயே உலர்ந்துபோகிறது. பாய்சியின் கோடை வெயிலில் அது இன்னும் விரைந்து நிகழும். அப்போது டயரைக் கழற்றினால், கடல்வாழ் உயிரியைப்போல் கிளைவிட்ட ரப்பர்க் கட்டி ஒன்று உள்ளே உருண்டுகொண்டிருக்கும். அதை எறிய மனமில்லாமல் பணிமேசையின் மேல் வரிசையாக வைத்திருப்போரும் உளர்.

இவ்வளவுக்கும் பயன் இல்லையென்று எவரும் கருதிவிடலாகாது. இவர் கூறும் நன்மைகள் உண்மையானவையே. டியூப் உள்ள டயரில் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினால், பாறையில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் பாறைக்கும் இடையில் நசுங்கி, பாம்புக்கடியைப்போல் அடுத்தடுத்து இரண்டு துளைகள் விழும். டியூபே இல்லாதபோது நசுங்குவதற்கு எதுவும் இல்லையாதலால், 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடிய டயரை 25க்குக் குறைக்கலாம். தளர்ந்த டயர் தரையைப் படிந்து பற்றும். வேர்களின் மேலும் சரளையின் மேலும் வண்டி துள்ளாது. துன்பம் யாதெனில், இந்த உண்மை அவருடைய உரையாடலை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. டிஜிட்டல் அளவி ஒன்றை வாங்கியபின், அரை பிஎஸ்ஐ வேறுபாட்டைத் தம் உள்ளங்கையால் உணர முடியும் என்கிறார். விருந்தினர் ஒருவர் சோபாவில் அமர்ந்தால், மெத்தையின் அழுத்தத்தைக் கட்டைவிரலால் சோதித்துப் பார்க்கிறார். அழுத்தத்தை அளவுக்கு மேல் குறைத்துவிட்டுக் கூரிய வளைவில் திரும்பும்போது, விளிம்பு ஒரு கணம் விலகிக் காற்றும் சீலன்ட்டும் சீறி வெளியேறுவதை ஏப்பம் என்பது இவர்களின் வழக்கு. அதையும் இவர் குறையாக ஒப்புக்கொள்ளாமல், சரியான அழுத்தத்தை நெருங்கிவிட்டதற்கான அடையாளமாகவே பதிவு செய்துகொள்கிறார்.

குழுவாகச் செல்லும் பயணத்தில்தான் இவரை முழுமையாகக் காண முடியும். டியூப் வைத்து ஓட்டும் தோழர் ஒருவருக்கு நெருஞ்சி ஏறிவிட்டால், அவர் பத்து நிமிடத்தில் டியூபை மாற்றிக்கொண்டு புறப்படுவார். அந்தப் பத்து நிமிடமும் இவர் அருகில் நின்று, தம் டயரில் பதிந்திருக்கும் முட்களைச் சுட்டிக்காட்டி, அவற்றைப் பிடுங்கினால்தான் காற்று இறங்கும் என்றும், பிடுங்காதவரை ஒவ்வொரு முள்ளும் தன் துளைக்குத் தானே தக்கையாக இருக்கிறது என்றும் விளக்குகிறார். ஆனால் கூரிய கல் ஒன்று டயரின் பக்கச்சுவரை விரலளவு கிழித்துவிட்டால் சீலன்ட்டால் அதை அடைக்க இயலாது. வெண்பால் நீரூற்றாகப் பீறிட்டு, பின்னால் வருபவரின் முகத்தில் அபிஷேகம் செய்து ஓய்ந்தபின், இவர் தலையைக் குனிந்துகொண்டு முதுகுப்பையிலிருந்து எடுப்பது ஒரு டியூப். அவசரத்துக்கென அதை எப்போதும் சுமந்து செல்கிறார். அதை உள்ளே வைப்பதற்குமுன், இதுவரை தக்கையாகப் போற்றப்பட்ட முட்கள் அனைத்தையும், பிசுபிசுத்த டயரின் உட்புறத்தில் விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாகக் களையவேண்டும். ஒன்றை விட்டாலும் அது புதிய டியூபைக் குத்திவிடும். தோழர்கள் நிழலில் அமர்ந்து உணவுப் பொட்டலங்களைப் பிரிக்கிறார்கள். சிலர் படுத்துக்கொள்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிறு உருளை கொண்டு விரைவாகக் காற்றேற்ற முன்வரும் நண்பரிடம், அவ்வாயு எஞ்சிய ரப்பர்ப்பாலைத் திரியவைத்துவிடும் என்று இவர் விளக்கத் தொடங்கும்போது, உணவை முடித்தவர்கள் முன்னே சென்றுவிடுகிறார்கள்.

சிக்கனமே தம் நோக்கம் என்று இவர் இன்றளவும் கூறிவருகிறார். பெட்ரோல் பங்க்குக்கு அலையாமலிருக்க வாங்கிய கம்ப்ரஸர், டிரில், டிஜிட்டல் அளவி, பிளேடு பட்டுக் கெட்டுப்போன டயர், துளை பெரிதாகி வீணான ரிம், மகளுக்கு வாங்கிக் கொடுத்த புதிய ஜிகினாத் தூள் ஆகியவற்றைக் கூட்டினால், முதலில் வேண்டாமென்று விட்டுவந்த சக்கரத்தை வாங்கி மீதியில் ஒரு தலைக்கவசமும் வாங்கியிருக்கலாம் என்பதை அவர் மனைவி நன்கறிவார். தொழிற்சாலைகளோ இப்போது டியூப் இன்றி ஓடத்தக்க ரிம்மையும் டயரையும் மலைச் சைக்கிள்களில் பரவலாகவே பொருத்தி அனுப்புகின்றன. பொருத்தமான நாடாவை ஒட்டி, வால்வைச் செருகி, சாதாரணக் கைப்பம்பினால் அடித்தாலே பல டயர்கள் முதல் முயற்சியில் "டப்" என்று அமர்ந்துவிடுகின்றன. அத்தகைய வண்டியொன்று வீட்டுக்கு வந்த அன்று இவர் அடைந்த ஏமாற்றம் சொல்லும் தரமன்று. அதன்பின் அவர் கவனம் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தள்ளுவண்டிமேல் திரும்பியது; அதன் காற்றடைத்த சக்கரங்களையும் நெருஞ்சி விட்டுவைக்கவில்லை. பன்னிரண்டு அங்குல ரிம்மில் இழுத்து மாட்டுவதற்கு அதனினும் சிறிய டியூப் அவருக்கு அகப்படாததால், பல வகை நாடாக்களைக் கொண்டு ஆய்வு நடைபெற்று வருகிறது. இதற்கிடையில் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது.