வாங்காதவரின் கோபம்

ஈபேயில் பழைய கேமரா ஒன்றை ஏலத்தில் விட்டால் போதும், வாங்காத ஆசாமி முதலில் மின்னஞ்சலில் வந்து சண்டை போடுவார். "பணம் அனுப்பி எத்தனை நாளாச்சு? சைக்கிள் எங்கே? போலீசுக்குப் போவேன்!" கீழே ஒரு பொத்தான்: 'உடனே பதிலளி'. நீங்கள் சைக்கிளே விற்கவில்லை. ஆனாலும் மானஸ்தர்கள் பதறிப்போய் அதை அமுக்கி, போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தின் இணைய முகவரியின் தொடக்கத்தில் 'ஈபே' பளபளக்கும். ஆனால் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் ஒட்டியிருப்பதே உண்மையான சொந்தக்காரர் பெயர். அசல் கடிதமென்றால் உங்கள் கணக்கின் செய்திப்பெட்டியிலும் இருக்கும். இந்தப் போலி ஆசாமியோ, பெண்ணின் பெயர் தெரியாமல் பெண் கேட்டு வந்தவர்போல, 'அன்புள்ள உறுப்பினரே' என்று இழுப்பார்.

கணக்கு கைமாறியதும், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த நற்பெயரில் இல்லாத மடிக்கணினிகள் ஏலத்துக்கு வரும். அப்போது வரும் கோபக் கடிதங்கள் மட்டும் சுத்த அசல்.