தும்பிக்கை 'ணை'யும் தூள் உப்பும்

அறுபதுகளில் தூத்துக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனால் அச்சகத்தில் ஒரே கேள்விதான்: மஞ்சள் அட்டையா, ரோஸ் அட்டையா? மீதியெல்லாம் கம்பாசிட்டர் அண்ணாச்சியின் ராஜ்ஜியம். தும்பிக்கை போட்ட பழைய 'ணை' எழுத்து கேஸில் தீர்ந்துவிட்டால் 'துணைவியார்' அன்றைக்குப் 'பாரியாள்' ஆகிவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறக்க முடியுமா? ஈயத்தில் இல்லாத எழுத்துக்கு எங்கே போவது!

அதற்கும் முன்னே, போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் பட்ட பாடு பெரிது. கோவாவில் ஒரு தடவை, கொல்லத்தில் ஒரு தடவை தமிழ் எழுத்து வார்த்து, 1578-ல் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கம் வந்தது. இந்தக் கரைப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். 1586-ல் 'அடியார் வரலாறு', அறுநூறு பக்கத்துக்கு மேல். புன்னைக்காயலில் அச்சானதாகவே எங்கள் பக்கம் பேச்சு. எந்த முறையில் அடிக்கலாம் என்று அடிகளாரை யாரும் குழப்பவில்லை. இருந்ததே ஒரு முறை.

இப்போது பேத்தி கல்யாணப் பத்திரிகைக்காக அச்சகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி தலையைத் தூக்காமல், "எத்தனை காப்பி தாத்தா?" என்றான். நூறு என்றால் டிஜிட்டலாம். ஆயிரத்தைத் தாண்டினால் ஆப்செட். நாலு கலருக்கு நாலு பிளேட், அந்தச் செலவு நூறு அடித்தாலும் அதேதான், பத்தாயிரம் அடித்தாலும் அதேதான். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை உண்டென்றால் துணியில் பெயர் போட ஸ்கிரீன் பிரிண்டிங். மண்டப வாசலுக்கு ஃபிளெக்ஸ். பளபளப்பு வேண்டுமா, சிவகாசிக்கு அனுப்பி ஃபாயில் ஒட்டலாம். நல்ல விவரமான பையன். "வாசகம்?" என்று கேட்டேன். "மேட்டர் நீங்களே டைப் பண்ணி அனுப்பிருங்க. பிழை இருந்தா நாங்க பொறுப்பில்ல." அண்ணாச்சி வார்த்தையையே மாற்றுவார், இவன் வார்த்தையைத் தவிர எல்லாவற்றையும் மாற்றுவான்.

எங்கள் கரையில் இன்று ஆகச் சிறந்த அச்சு எதற்கென்று கேட்டால், ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுக்கு என்பேன். லட்சக்கணக்கில் ஓடும் சரக்கு. அதற்குக் கிராவ்யூர்தான் கட்டும். கலருக்கொரு செம்பு பூசிய உருளை, அதில் கண்ணுக்குத் தெரியாத குழிகள், குழிக்குள் மை. சமையல்கட்டில் கத்தரியால் மூலையை வெட்டி எறிகிற வரைக்கும்தான் அதற்கு ஆயுள். ஆனாலும் உருளையை மறுபடி பொறிக்க ஆகும் செலவை நினைத்து, உப்புக்காரர்கள் புரூப்பை ஒன்றுக்கு நாலு தடவை பார்க்கிறார்கள்.