பெட்ரோல் டேங்க் ஒழுக்கு: தோற்றமும் வளர்ச்சியும்

முன்னுரை

பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் விழும் குண்டூசித் துளையைப் பற்றிப் பேசாதார் இல்லை. முறையாக ஆராய்ந்தாரும் இல்லை. டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, குனிந்து, டேங்கின் அடியை விரலால் தடவி மோந்து பார்ப்பவரைச் சுற்றி ஐந்தே நிமிடத்தில் ஒரு கருத்தரங்கம் கூடிவிடுகிறது. அங்கே உதிரும் முடிபுகளைத் தொகுத்தும் வகுத்தும் விரித்தும் உரைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள்: சிறு ஒழுக்கு ஆண்டுக்கணக்கில் சரியாகாமல் கிடப்பதற்குக் காரணம் மருந்து இல்லாமை அன்று, தற்காலிக மருந்து நன்றாகவே வேலை செய்துவிடுவதுதான்.

ஆய்வெல்லை: 1955-இல் எண்ஃபீல்ட் இந்தியா உருவானதையடுத்துத் திருவொற்றியூரில் பிறக்கத் தொடங்கிய புல்லட் முதல், 1996-இல் உற்பத்தி நின்றுபோன யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வரையிலான தகர டேங்குகள். மொபெட்டுகள் தனி ஆய்வுக்குரியவை. அவற்றின்மேல் ஏற்றிய சரக்கைத் தாண்டி டேங்கைக் கண்டவர் அரிது.

இயல் 1: தோற்றம்

ஓட்டை வெளியே தெரிவதால் அது வெளியிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. டேங்கில் பாதி பெட்ரோல் என்றால் மீதிப் பாதி காற்று. காற்றில் ஈரம் உண்டு. இரவில் தகரம் குளிர, அந்த ஈரம் உட்சுவரில் வியர்த்து இறங்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்த வண்டியாயின் மழையும் தன் பங்கைச் செலுத்தும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. தண்ணீரோ முழுதாக ஒரு கிலோ. ஆகவே வண்டி நின்றதும் தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் காக்கின் குழாய் அடித்தட்டிலிருந்து சற்றே உயர்ந்து நிற்பதால் கடைசிக் கொஞ்சத் தண்ணீர் வெளியேறவும் வழியில்லை.

இங்கு சைடு ஸ்டாண்டின் பங்களிப்பு விதந்தோதத் தக்கது. டேங்க் ஃபிரேமின் முதுகெலும்பில் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதால் இரு பக்கமும் இரு பள்ளங்கள். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதால் தண்ணீர் இடப்பள்ளத்துக்கே குடிபோகும். அங்கே அடித்தட்டும் பக்கத் தகரமும் சேரும் மடிப்பே துருவின் தலைநகரம். “சென்டர் ஸ்டாண்டு போடுடா” என்று ஒரு தலைமுறைத் தந்தையர் தொண்டை வற்றக் கத்தியதற்கு இவ்வாறு அறிவியல் சான்று கிட்டுகிறது.

அண்மைக்கால இடைச்செருகல் ஒன்றும் உண்டு. இந்தியாவில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனால் 2022-இல் 10 சதவீதத்தையும் 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு கைகோத்து, பெட்ரோலைப் பிரிந்து அடியில் தங்கும். தினமும் ஓடும் வண்டிக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. ‘தாத்தா ஞாபகார்த்தமாக’ ஷெட்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கே கேடு.

இயல் 2: நோயறிதல்

சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றல்ல. பெட்ரோல் மடிப்பின் ஓரமாகவே ஊர்ந்து, தாழ்ந்த முனை ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்கே தொங்கித் தயங்கித்தான் விழும். டேங்க்கைத் துடைத்துக் காயவிட்டுச் சந்தேகமான இடமெல்லாம் சாக்பீஸ் பொடியைத் தடவுக. வெள்ளையில் எங்கே முதலில் கருத்த புள்ளி பூக்கிறதோ அதுவே மூலம். எண்ணெய் கலந்து ஊற்றும் யெஸ்டி போன்ற டூ-ஸ்ட்ரோக்குகளில் இவ்வளவு பாடு வேண்டா. பெட்ரோல் பறந்த பின்னும் எண்ணெய்க் கறை நின்று, புழுதியைக் கூட்டி வைத்துச் சாட்சி சொல்லும்.

புள்ளி பெட்ரோல் காக்கின் கழுத்தில் பூத்தால் டேங்க் குற்றமற்றது. சில ரூபாய் வாஷரோடு சிக்கல் தீரும். இம்முடிவு வண்டிக்காரருக்கு மகிழ்ச்சியும் ஆய்வாளருக்குப் பேரிழப்பும் ஆகும்.

மடிப்பில் பூத்தால், சுற்றுத் தகரத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டுக. நல்ல தகரம் கணீரென்னும். அரித்த தகரம் சொத்தென்னும். நுனியால் குத்திப் பார்க்கற்க. பார்த்தால் ஆய்வுப்பொருள் தீக்குச்சித் தலையளவு வளர்ந்துவிடும்.

இயல் 3: மூன்று நெறிகள்

*சோப்பு நெறி.* காய்ந்த துணிசோப்புக் கட்டியை ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பது. இதை நகைப்பார் வேதியியல் அறியார். சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. எனவே அடைப்பு உண்மையிலேயே நிற்கும். முதல் மழை வரை. ஐப்பசியில் இந்நெறியார் வலுவிழந்து, தையில் மீண்டும் தழைப்பர்.

*எம்-சீல் நெறி.* இரு கட்டிகளையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து அப்புவது. டேங்க்கைக் காலி செய்து, பெயின்ட்டைத் தகரம் தெரியச் சுரண்டி, எமரித்தாள் போட்டு, காய்ந்த தகரத்தில் வைத்தால் நெடுநாள் நிற்கும். ஆனால் இந்நெறியாருள் பெரும்பாலோர் பெட்ரோல் சொட்டச் சொட்ட, பெயின்ட்டின்மேலேயே அப்புவர். அப்போது எம்-சீல் பெயின்ட்டை விடாமல் பிடித்திருக்கும். பெயின்ட்தான் தகரத்தைக் கைவிட்டிருக்கும்.

*பற்றவைப்பு நெறி.* பித்தளை கொண்டு கேஸில் பற்றவைப்பது. பெட்ரோல் நிறைந்த டேங்க்கே ஆபத்து, காலி டேங்க் சாது என்பது இங்கே உலவும் கொடிய பிழைக்கொள்கை. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். அந்தக் கலவை அமைவதற்கு ஏற்ற இடம் காலி டேங்க்தான். ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால், மூடியைத் திறந்து வைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. விவரமுள்ள பட்டறைக்காரர் சோப்புத்தூள் போட்டுப் பலமுறை அலசி, ஓட்டைக்குக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்த பிறகே தீயைக் காட்டுவார். “கழுவியாச்சுண்ணே, வைங்க” என்று வாய்ச்சொல்லோடு டேங்க்கை நீட்டுவோரை அவர் நம்புவதில்லை. அதனால்தான் அவர் இன்றும் பட்டறைக்காரராக இருக்கிறார்.

இயல் 4: மறுப்பும் தெளிவும்

மூன்று நெறிகளையும் ஒரு மெக்கானிக்கிடம் விளக்கியபோது, அவர் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தபடியே மறுத்தார்: “உள்ள அரிச்சிருச்சு சார். இங்க அடைச்சா பக்கத்துல வரும்.”

இவ்வொரு சூத்திரம் மூன்றாம் இயலை முழுதாக வீழ்த்துகிறது. நோய் உள்ளே, மூன்று நெறியாரும் நின்று வாதிடுவது வெளியே. உள்மருந்து வருமாறு: டேங்குக்குள் ஒரு கை நட்டு போல்ட்டைப் போட்டுக் கை ஓயக் குலுக்கி, துருவை உதிர்த்து, துருநீக்கி அமிலம் விட்டு அலசி, ஈரம் துளியுமின்றிக் காயவைத்து, எப்பாக்ஸி பூச்சை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுதல்.

இதை ஒருவரும் விரும்பாமைக்குக் காரணம் உண்டு. பல இடங்களில் துருவே அடைப்பாக இருந்து டேங்க்கைக் காத்துவந்திருக்கும். அதை உதிர்த்ததும், ஒரு துளையோடு வந்த டேங்க் நான்கு துளையோடு திரும்பும். நேர்மையான வைத்தியம் முதலில் நோயைப் பெருக்கிக் காட்டுகிறது; சோப்போ அரை நிமிடத்தில் குணம் காட்டுகிறது. மனிதர் எதைத் தேர்வர் என்பதில் ஐயம் இல்லை. அரித்த பகுதி உள்ளங்கையளவு ஆனபின் எஞ்சுவது சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வேறு டேங்க் தேடும் வழியே.

முடிவுரை

1. சோப்பு எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனை நாள் துரு தடையின்றித் தன் பணியைச் செய்கிறது. கருதுகோள் நிறுவப்பட்டது.

2. ஓட்டையின் விட்டத்துக்கும் ஆலோசகரின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. குண்டூசித் துளைக்கும் கூட்டம் முழுதாகவே வரும்.

3. மூடியின் வாஷரை மாற்றுவதும், நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்க்கை நிரப்பி வைப்பதும் மிக மலிவான மருந்துகள். ஆதலால் இவற்றை எவரும் பரிந்துரைப்பதில்லை.

மேலாய்வுக்குரிய களம்: ஒழுகும் டேங்க்கை உற்றுப் பார்க்கக் குனியும் கூட்டத்தில், பற்றவைத்த பீடியோடு ஒருவர் தவறாமல் இருப்பது ஏன்? பேட்டி தொடங்கும் முன்பே பீடியைப் பிடுங்கி அணைக்க வேண்டியிருப்பதாலும், அதன்பின் அவர் ஒத்துழைக்க மறுப்பதாலும், இது குறித்த தரவுகள் திரட்டப்படவில்லை.