சி.டி. மறைத்ததும் பெட் உளறியதும்

இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பெனியின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் செய்த சி.டி. ஸ்கேன் கருவி, 1971-இல் லண்டனின் விம்பிள்டனில் ஒரு நோயாளியின் மண்டையைத் திறக்காமலே மூளையை வில்லை வில்லையாகக் காட்டியது. 1979-இல் அவருக்கு நோபல் பரிசு, இயற்பியலாளர் கார்மாக்கோடு பங்கு. இதற்கிடையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பெட் என்ற இன்னொரு ஸ்கேன் கருவி பிறந்துவிட்டது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் ஏற்றினால், அடங்காப்பசிக்காரப் புற்றுக்கட்டி அதை அள்ளித் தின்று படத்தில் மாட்டிக்கொள்ளும்.

சி.டி. என்பது சர்வேயர். எல்லைக்கல் ஒவ்வொன்றையும் காட்டும். உள்ளே நடக்கும் அட்டூழியம் அதற்குத் தேவையில்லாத சங்கதி. பெட் தெருமுனை வம்புக்காரர். ஏதோ ஒரு வீட்டில் விவகாரம் என்று அடித்துச் சொல்லும். எந்த வீடு? அதோ, அந்தப் பக்கம். போதாக்குறைக்கு ஒரு தப்பும் செய்யாத மூளையையும் சிறுநீர்ப்பையையும் வேறு காட்டிக்கொடுக்கும்.

மருத்துவர்கள் இரண்டு ஃபிலிமையும் லைட் பாக்ஸில் மாட்டி, மனசுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டார்கள். பிறகு கணக்குப்புலிகள் வந்து, மண்டை ஓட்டுக்குள் சமர்த்தாக இருக்கும் மூளையின் படங்களை மென்பொருளால் பொருத்திக் காட்டினார்கள். வயிற்றுக்கு வந்ததும் புலி பதுங்கியது. குடலா சமன்பாட்டுக்குக் கட்டுப்படும்? நேற்று அந்த மேஜையில் படுத்தவர் இன்று இந்த மேஜையில் அதே மாதிரியா படுப்பார்?

1991 வாக்கில் ஜெனீவாவில் டேவிட் டவுன்சென்ட் குழு ஒரு சிக்கன பெட் செய்தது. முழு வளையத்துக்குப் பதில் எதிரெதிராக இரண்டு வரிசை உணர்விகள். அவை சுழலும், இரண்டு வரிசைக்கும் இடையே காலியிடம். அதைப் பார்த்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர், அந்த இடத்தில் சி.டி. போல உருப்படியாக எதையாவது வைக்கலாமே என்றாராம். கணக்குப்புலிகளுக்குத் தோன்றாத யோசனை!

டவுன்சென்டும் பொறியாளர் ரான் நட்டும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1998-இல் பிட்ஸ்பர்க்கில் முதல் பெட்-சி.டி. வேலைக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலியிடத்தில் சி.டி.யை வைக்கவே இல்லை. சுழலும் சட்டத்தின் முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் மற்றொன்று. நோயாளி அப்படியே கிடக்க, மேஜைதான் நகர்ந்தது. அவ்வளவு சமன்பாடும் செய்யாததை ஒரு நகரும் பலகை செய்துவிட்டது. 2000-இல் டைம் பத்திரிகை ஆண்டின் சிறந்த மருத்துவக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடியது. மறுவருடமே விற்பனைக்கு வந்தது.

மூச்சைத்தான் மறந்துவிட்டார்கள். சி.டி. சில நொடிகளில் முடியும். பெட் நிமிடக்கணக்கில் பார்க்கும், அதுவரை மூச்சைப் பிடித்தால் நோயாளியே மிஞ்ச மாட்டார். ஆகவே மூச்சோடு ஏறி இறங்கும் கல்லீரலின் உச்சியில் இருக்கும் கட்டி, சேர்த்த படத்தில் சில சமயம் நுரையீரலில் போய் உட்கார்ந்திருக்கும்.