ஸ்டாட்டிக் சார்

ஜாவாவில் யாராவது 'நியூ' என்று எழுதினால் போதும், சார் முகம் சுருங்கிவிடும். "எதுக்குத் தம்பி ரிக்வெஸ்டுக்கு ஒரு எக்ஸ்எம்எல் பார்சர்? ஒண்ணே ஒண்ணு பண்ணு, ஸ்டாட்டிக்னு போடு. எல்லாரும் அதையே யூஸ் பண்ணட்டும்."

அவர் லேப்டாப்பில் ஓடும். ஓடாமல் என்ன? அங்கே இருப்பது அவர் ஒருவர்தான். சர்வரில் ஓடும் டாம்கேட்டிலோ, எதையும் மாற்றாமல் விட்டாலே 200 த்ரெட் வரை வரும். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் அந்த ஒற்றை பார்சரை, அதாவது டாகுமென்ட்பில்டரைத் தொட்டால், ஒரு பார்ஸ் நடக்கும்போது இன்னொன்று கூடாது என்று ஜெர்சஸ் எஃப்.டபிள்யூ.கே.005 பிழையை வீசும். அதுவாவது கத்திவிட்டுச் சாகிறது. எக்ஸ்எம்எல்லை பில்லாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் கத்தக்கூடக் கத்தாது. ஒரு த்ரெட் செட்பாராமீட்டரில் வைத்த வாடிக்கையாளர் பெயரை இன்னொன்று மாற்றிவிடும். பில் சமர்த்தாக வெளியே வரும், வேறொருவர் பெயரில்.

சொன்னால், "நெட்வொர்க்கைப் பாருங்க" என்பார். அப்புறம், "அதான் ரீசெட் மெதட் இருக்கேப்பா!" இருக்கிறது, ஜாவா 5 முதலே. ஒருவர் முடித்தபின் அடுத்தவர் எடுக்கத்தான் அது. இருவரும் ஒன்றாகப் பிடித்து இழுக்க அல்ல. கடைசியில் 'சிங்க்ரனைஸ்டு' போடுவார். இப்போது அத்தனை த்ரெட்டும் ஒற்றை வரிசையில் நிற்கும்.

"மெதுவா இருக்கே சார்?"

"ரேம் ஏத்தச் சொல்லுங்க."

இவ்வளவு சிக்கனக்காரர், ஜாக்ஸ்பி கான்டெக்ஸ்டை மட்டும் ரிக்வெஸ்டுக்கு ஒன்றாக உருவாக்குவார்! கிளாஸ்களையெல்லாம் துருவிப் பார்த்துத் தயாராகும் பெரிய செலவே அதுதான். ஒருமுறை செய்து எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாம். டெம்ப்ளேட்ஸும் ஸ்கீமாவும் அப்படித்தான். அவற்றிலிருந்து பிறக்கும் மார்ஷலரும் டிரான்ஸ்ஃபார்மரும் வேலிடேட்டரும்தான் த்ரெட்டுக்கு ஒன்று வேண்டும். சார் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது.

கெட்டவர் இல்லை. மெமரியை எம்பி எம்பியாக எண்ணிய காலத்தில் தொழில் பழகிய கை. வீணாக்க மனசு வராது. காபி வாங்கித் தருவதிலும் கஞ்சத்தனம் கிடையாது.

ஆனால் நடுராத்திரி சர்வர் விழுந்தால் ஃபோன் அவருக்குப் போவதில்லை. போன வருடம் சேர்ந்த பிள்ளைக்குப் போகிறது. அது லாகைத் துருவி, ரீஸ்டார்ட் பண்ணி, விடிந்ததும் மீட்டிங்கில் "டெஸ்டிங் பத்தலை" என்று இவரிடமே வாங்கிக் கட்டிக்கொள்கிறது.