வாடும் பூவும் வாடாத வாசனையும்

கேள்வி: மறுநாளே வாடிவிடும் பூவைப் பரிசாக அளிப்பது பணத்தை விரயம் செய்வதாகாதா?

பதில்: விடியற்காலையில் அரும்பாகவே பறிக்கப்பட்டு, வாழைநாரில் நெருக்கமாகத் தொடுக்கப்பட்டு, முழம் போட்டு அளந்து வாழையிலையில் கட்டித் தரப்படும் மதுரைக் குண்டுமல்லி, கொடுத்தவர் விடைபெற்றுச் சென்ற பின்னர், சாயங்கால வேளையில், பெற்றவருடைய கூந்தலிலே மெல்லக் கட்டவிழ்ந்து வீடெல்லாம் பரிமளிக்கிறதே, கைமாறிய பிறகு மலர்கின்ற பரிசு வேறு எது இருக்கிறது? 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கீர்த்தியும் அதற்கு உண்டு. என் மனத்துக்கு அதைவிட உகந்தது, அளந்த முழத்துக்கு மேல் பூக்கார அம்மாள் கொசுறாக விட்டுக் கொடுக்கும் நான்கு விரற்கடைச் சரம். வெள்ளிக் கிண்ணத்தைப் பெற்றவர் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். பூவைப் பெற்றவரோ சுவாமி படத்துக்கும் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் கிள்ளிக் கொடுத்து மகிழ்கிறார். தயங்காமல் வாங்குங்கள்; மொட்டாகப் பார்த்து வாங்குங்கள்.