வில்லுக்கத்தியை மெச்சுவது எப்படி

முதல் தகுதி, கத்தி உங்களுடையதாக இருக்கக் கூடாது. பேசாலையிலோ தலைமன்னாரிலோ ஒரு சம்மாட்டியாரின் இடுப்பில் அது தொங்கிக்கொண்டிருப்பதே நல்லது. உங்களுடையது என்றால் அதை வைத்து ஏதாவது அறுக்க வேண்டி வரும். அறுக்கிறவனுக்கு மெச்ச நேரம் கிடைப்பதில்லை.

எல்லா வில்லுக்கத்தியும் இதற்குச் சரிவராது. பெட்டிக்கடையில் தொங்கும் பளபளப்பான சீனக் கத்தியை மெச்சினால் கடைக்காரர் வாங்கச் சொல்லிவிடுவார். நமக்கு வேண்டியது இனிமேல் எந்தக் கடையிலும் புதிதாகக் கிடைக்காத ஒன்று. பிரிட்டிஷ் படைகள் தம் ஆட்களுக்குக் கொடுத்த பழைய மடக்குக் கத்தி, 6353/1905 என்று கடதாசியில் இலக்கமிடப்பட்ட மாதிரி, அதற்கு மிகப் பொருத்தம். ஷெபீல்ட் நகரத்துப் பட்டறைகளில் செய்தது. குறுக்கும் நெடுக்குமாய்க் கோடு வெட்டிய கறுப்புப் பிடி, ஓர் அலகு, ரின் உடைக்கும் கொக்கி, முதுகோடு மடங்கிக் கிடக்கும் தடித்த ஊசி, தலையில் ஒரு செப்பு வளையம். பிற்பாடு பிடியையும் உருக்கிலேயே செய்யத் தொடங்கினார்கள். அதோடு இந்தப் பழைய வகை நின்றுபோனது.

இது எப்படி மன்னாருக்கு வந்தது என்று கேட்பது மரியாதையல்ல. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஏதோ ஒரு மாமாவின் பெட்டகத்தோடு வந்திருக்கும். அலகின் அடியில் மூன்று கோட்டு அம்புக்குறி ஒன்று குத்தியிருந்தால் அது அரசாங்கச் சொத்து என்பதன் முத்திரை. 1957இல் பிரிட்டிஷ்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது எதையெல்லாம் மறந்துவிட்டுப் போனார்கள் என்று மாமா சொல்லியிருப்பார். நம்புங்கள். செத்தவரை விசாரிக்க முடியாது.

இனி அலகை விரியுங்கள். நகம் உடையும், அந்த வில்லின் இறுக்கத்தை மெச்சலின் முதல் படியாகக் கொள்ளலாம். விரிந்ததும் “நுனி எங்கே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நுனி முறிந்த கத்தியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. முறியவில்லை. வாய் நேர்கோடாக ஓடுகிறது, முதுகுதான் வளைந்து இறங்கி அதைத் தொடுகிறது. குத்த முடியாத கத்தி. கப்பலில் மாலுமிகள் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளாமலிருக்கக் கப்பித்தான்மார் நுனியை வெட்டவைத்தார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சோளகம் அடிக்கிற நாளில் வள்ளத்தில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியை எடுத்துப் பார்த்தவருக்கு அந்தக் கதை தேவைப்படாது. வள்ளம் ஒருமுறை துள்ளினால் கூரான நுனி முதலில் தேடிப்போவது சொந்தத் தொடையைத்தான். நேர் வாய்க்கும் காரணம் உண்டு. கயிற்றைப் பலகையில் வைத்து அழுத்தினால் வாய் முழுதும் ஒரே நேரத்தில் பதியும். தடித்த கயிறென்றால் முதுகில் ஒரு கட்டையால் தட்டலாம்.

ஊசியிடம் வாருங்கள். மெச்சுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வருகிற பெறாமகன் அதைக் குதிரைக் குளம்பில் கல் எடுக்கிற கருவி என்பார். மன்னாரில் கழுதை உண்டு என்றாலும் அதன் குளம்பை இந்த ஊசியால் யாரும் நோண்டிப் பார்த்ததில்லை. நண்டுக் கால் உடைக்க என்று இன்னொருவர் சொல்வார். அது பரவாயில்லை, உடைக்கலாம். உண்மையில் அது கயிற்றின் புரிகளைப் பிரிக்கிற ஊசி. முறுக்கேறிய கயிற்றுக்குள் அதைச் செலுத்தி, புரியை விலக்கி, அந்த இடைவெளியால் இன்னொரு கயிற்றின் புரியை நுழைத்து இழுத்து, அடுத்த புரிக்குப் போவார்கள். இரண்டு கயிறும் முடிச்சே இல்லாமல் ஒன்றாகிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறி இறுகி, விரலுக்கும் பல்லுக்கும் மசியாத முடிச்சையும் அது அவிழ்க்கும். தும்புக் கயிறு போய் நைலோன் வந்தபின் அறுத்த முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடுகிறோம். ஆனால் நங்கூரக் கயிற்றில் கண் பின்ன இன்றைக்கும் புரியைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். அதற்கு எங்கள் கரையில் இப்போது பயன்படுவது தேய்ந்த திருப்புளி. பார்க்க எந்த அழகும் இல்லாததால் அதை யாரும் மெச்ச வருவதில்லை.

ரின் உடைக்கும் கொக்கியை விரைவாகக் கடந்துவிடலாம். படைக்காரர்களின் மாட்டிறைச்சி ரின்னுக்காக வைத்தது. பாரையும் விளைமீனும் கரையில் துள்ளுகிற ஊரில் அதற்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மன்னார் வீடுகளில் ரின்மீன் வாங்குவதில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

அலகில் ஒரு நட்சத்திரமும் எட்டு முனைச் சிலுவையும் இருந்தால் அது ஜோசப் ரொட்ஜர்ஸ் பட்டறையின் அடையாளம். பேசாலையில் இதைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டாம். அது வியாபாரக் குறி. கத்தியை மெச்சுவதற்கென்றே கத்தி செய்தவர்கள் இவர்கள். 1822இல் 1,822 அலகு வைத்து ஒரு கத்தி செய்தார்கள், ஆண்டுக்கு ஓர் அலகு கணக்கில். பிறகும் கூட்டிக்கொண்டே போனார்கள். 1851 லண்டன் கண்காட்சிக்கு 75 அலகுகளோடு இன்னொன்று. இரண்டாலும் ஒரு வெங்காயம்கூட நறுக்க முடியாது. நம் கத்தியை அந்த வரிசையில் வைத்துப் புகழ்ந்தால் சம்மாட்டியார், “என்ன தம்பி, உதைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறீர்? கயிறு வெட்டுறதெண்டா வெட்டும், இல்லாட்டி இஞ்ச தாரும்” என்பார். கொடுத்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மெச்சுகிற ஆர்வத்தில் இதை முத்துக்குளித்தவர்களின் கத்தி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்பவருக்கு மயிர் சிலிர்க்கும், விலையும் ஏறும், ஆனால் பொய். இந்த மாதிரிக்கு இலக்கமிட்ட அதே 1905இல்தான் மன்னார்ப் பாரில் பெரும் முத்துக்குளிப்பு நடந்தது. எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அவ்வளவையும் கத்தி கொண்டு பிளந்தா முத்தெடுத்தார்கள்? பெரும்பாலும் குவித்து அழுக வைத்தார்கள். புழுவும் ஈயும் சதையைத் தின்று முடித்தபின் கழுவி அரித்தார்கள். முத்துக்கு அப்போது தேவைப்பட்டது பொறுமையும் மரத்துப்போன மூக்கும்தான்.

இதற்குள் கத்தி எப்படியோ உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். வாழ்த்துகள். இனிப் பராமரிப்பு. துருப்பிடிக்கிற பழைய உருக்கு இது; மன்னார்க் காற்றுக்கு அது தெரியும். கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் உப்பு உள்ளே போகும். தோல் உறையில் போட்டு வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து அலகோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மீன் வெட்டினால் உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஆணியில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மடிப்பில் மணல் புகுந்தால் வில் சிணுங்கும். அதையும் மெச்சலாம், யாருக்கும் கேட்காமல். பயணத்தில் கையில் கொண்டுபோக வேண்டாம். வில்லின் நுணுக்கத்தைச் சோதனைச் சாவடியில் விளக்க முயன்ற காலம் ஒன்று இருந்தது, யாரும் ரசிக்கவில்லை. விமான நிலையத்தில் இன்றும் ரசிப்பதில்லை.

இன்னும் ஒரு தொல்லை, இரவல். “இஞ்சின் பிளக் சுரண்ட ஒருக்கால் தாங்கோவன்” என்று பக்கத்து வாடிக்காரர் வருவார். ஊசி வளைந்துதான் திரும்பும். கொடுக்காவிட்டாலோ அடுத்த நாள் கறிக்கு மீன் வராது. கொடுங்கள். ஆனால் செப்பு வளையத்தில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்திலேயே குந்தியிருங்கள். வளையம் வைத்ததே இதற்குத்தான் என்று சொல்லலாம். 6353/1905ஐ வாசித்த ஒருவர் அந்த வாடியில் இருக்கப்போவதில்லை.